கன்னியம்மா கட்டிய மறைப்பு

நர்ஸ் பயிற்சியில் சேர்ந்த புதிதில் எங்களுக்கு விளக்கேந்திய சீமாட்டியின் கதையைச் சொன்னார்கள். போரில் அடிபட்டவர்களின் படுக்கைகளுக்கு நடுவே அவர் விளக்கோடு நடக்கும் படம் வகுப்பில் மாட்டியிருந்தது. அதே அம்மையார் அந்த ஆஸ்பத்திரியின் சாக்கடையைச் சரிசெய்யச் சொல்லி அதிகாரிகளோடு மல்லுக்கட்டியதை யாரும் படமாக வரையவில்லை. சாவு குறைந்தது சாக்கடை சுத்தமான பிறகுதான். விளக்கு பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

கன்னியம்மாவுக்கு எந்தப் படமும் வரப்போவதில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

தாம்பரத்துக்குக் கிழக்கே, ஏரிக்கரையை ஒட்டி, அப்போதெல்லாம் செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு சந்தை கூடும். பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தை அளவுக்குப் பேர் பெற்றது இல்லை. ஆனால் அங்கே கடை போடும் பெண்களில் பாதிப் பேர் இங்கேயும் வருவார்கள். கீரை, கருவாடு, மண்சட்டி, பழைய இரும்பு, பழைய துணி எல்லாம் கிடைக்கும். நான் வேலை பார்த்த தாய்சேய் நல நிலையம் அங்கிருந்து ஒரு பஸ் ஸ்டாப் தள்ளி இருந்தது.

கன்னியம்மா பாத்திரக்காரி. தலையில் எவர்சில்வர் பாத்திரக் கூடை, தோளில் துணி மூட்டை. சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் என்று புதிதாக முளைத்திருந்த காலனிகளில் தெருத்தெருவாக நடப்பாள். பழைய புடவை, பேண்ட், சட்டை வாங்கிக்கொண்டு அதற்குத் தகுந்த பாத்திரம் கொடுப்பாள். வாங்கிய துணியைத் துவைத்து, கிழிசலைத் தைத்து, மடித்துச் சந்தையில் விற்பாள். நல்ல உயரம். தெருவில் கூவிக் கூவிக் கரகரத்துப்போன குரல். புருஷன் கல்குவாரியில் வேலை செய்து, நெஞ்சு கெட்டு, சின்ன வயதிலேயே போய்விட்டான். இரண்டு பெண்களையும் அவள் வளர்த்தது செவ்வாய்ச் சந்தையில் அவளுக்கு இருந்த இடத்தை வைத்துத்தான்.

சந்தையில் இடம் என்றால் பட்டா, ரசீது எதுவும் கிடையாது. ஒவ்வொருத்திக்கும் மூலையில் ஒரு கல் புதைத்திருக்கும். வாராவாரம் வந்து அந்தக் கல்லை ஒட்டி உட்காருகிறவளுக்கு அந்த இடம். அம்மா உட்கார்ந்த இடத்தில் மகள் உட்காரலாம். வேறொருத்தி கல்லைத் தாண்டிச் சாக்கு விரித்தால் சண்டை. கன்னியம்மாவின் கல், அவள் அம்மா கருவாடு விற்ற காலத்தில் புதைத்தது. சந்தையின் கடைசிக் கோடியில், மழைநீர்க் கால்வாயை ஒட்டி இருந்தது. அதை நல்ல இடம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவளுடையது.

எண்பத்தாறு கோடையில் அவள் முதலில் என்னிடம் வந்தாள். குளிர்காய்ச்சல், அடிவயிற்றில் வலி, நீர்க்கடுப்பு. சந்தைப் பெண்கள் இதே தொல்லையோடு ஒருத்தி மாற்றி ஒருத்தி வந்துகொண்டிருந்தார்கள். சிலருக்குச் சிறுநீரகம் வரை போயிருந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரிகளுக்கு இது குறைமாதப் பிரசவத்தில் கொண்டுபோய் விடும். டாக்டரம்மா மாத்திரை எழுதினார். நான் எல்லோருக்கும் சொல்வதை இவளுக்கும் சொன்னேன்.

"தண்ணி நிறையக் குடிக்கணும்."

"குடிச்சா?"

"கிருமி வெளியே போகும். சிறுநீர் வந்தா அடக்கி வைக்கக் கூடாது. உடனே போயிடணும்."

"எங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள். "நீ ஒரு எடத்த காட்டு நர்சம்மா. நான் கொடம் கொடமா குடிக்கிறேன்."

அவள் கேட்டதில் தப்பில்லை. சந்தைக்குப் பின்னால் முன்பு வேலிக்காத்தான் புதர் இருந்தது. பெண்கள் சேர்ந்து அந்தப் பக்கம் போய் வருவார்கள். அதை வெட்டி மனை போட்டார்கள். மனைகள் வீடுகளாயின. வீடுகளுக்குச் சுற்றுச்சுவர் வந்தது. ஆண்களுக்குச் சுவர் வந்ததில் வசதிதான், எந்தச் சுவரானாலும் திரும்பி நின்றுவிடுவார்கள். பெண்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். திங்கட்கிழமை சாயங்காலத்தோடு தண்ணீரை நிறுத்திவிடுவது. செவ்வாய் முழுவதும் வெற்றிலையை மென்றுகொண்டு, தலையில் ஈரத்துணி போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருப்பது. மாதவிலக்கு நாளில் செவ்வாய் வந்தால் கடையே போடாமல் வீட்டில் இருந்துவிடுவது. அந்த வாரம் அடுப்பு எரியாதது அவரவர் பாடு.

காலனிகளிலும் இதே கதைதான். பல வருஷமாகப் பழைய புடவை போடும் வீடு ஒன்று, லோகநாயகி என்ற டீச்சரம்மாவுடையது. ஒரு நாள் அடக்க முடியாமல் கன்னியம்மா அவரிடம் கேட்டிருக்கிறாள்.

"டீச்சரம்மா, பின்னாடி பாத்ரூம்ல ஒரு நிமிஷம் போய்ட்டு வந்துரட்டா?"

"அது வந்து... எங்க வீட்டுல அதெல்லாம் பழக்கமில்லம்மா. மாமியார் ஒரு மாதிரி. தப்பா எடுத்துக்காதே."

"நீ கட்டின பொடவைய நான் தோள்ல போட்டுகினு போறேன், அது பழக்கந்தான?" என்று கேட்டுவிட்டு, அன்றைக்கு வாங்கிய புடவையை வாசற்படியிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறாள். கொடுத்த தூக்குச்சட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறக்கவில்லை.

மாத்திரையை முடித்து, காய்ச்சல் விட்டதும் அவள் செய்த முதல் வேலை, சந்தைப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போனது. சந்தையில் பெண்களுக்கு ஒரு கக்கூஸ் கட்டித் தரச் சொல்லி மனு கொடுத்தார்கள். கவனிக்கிறோம் என்றார்கள். மறுபடி போனார்கள். திட்டத்தில் இருக்கிறது, நிதி வர வேண்டும் என்றார்கள். மூன்றாம் தடவை, அதைக் கவனித்தவர் மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள்.

வெளியே வந்து அவள் சொன்னதைக் கூடப் போன பேபி என்னிடம் சொன்னாள். பேபி கீரைக்காரி. சர்ச்சுக்குப் போகும் வேதக்காரப் பெண், யாருக்கும் அஞ்சாமல் பேசுகிறவள். "அவனுங்க கட்றதுக்குள்ள நம்ம மூத்திரப்பை வெடிச்சிரும்டி. நானே கட்டிக்கிறேன்" என்றாளாம்.

அவள் தம்பி துரை கிணற்றுக்கு உறை இறக்குகிறவன். காலனிகளில் அப்போது வீட்டுக்கு வீடு கிணறு. விளிம்பு உடைந்த சிமெண்ட் உறைகளை யாரும் வாங்க மாட்டார்கள். அப்படி இரண்டு உறையை அவன் உருட்டிக்கொண்டு வந்தான். கன்னியம்மாவின் இடத்தில், பின்பக்கமாகக் குழி தோண்டி ஒன்றின் மேல் ஒன்றாக இறக்கினான். மேலே ஓட்டை வைத்த கடப்பைக்கல், அதற்கு மரமூடி. எங்கே தோண்ட வேண்டும் என்பதில் மட்டும் நான் தலையிட்டேன். அடிபம்புக்கு எட்டத்தில், தண்ணீர் ஓட்டத்துக்குக் கீழ்ப்பக்கம், கால்வாயிலிருந்தும் தள்ளி. போய் வந்தபின் கொட்ட ஒரு டின் சாம்பல். பிளீச்சிங் பவுடருக்கு நான் ஏற்பாடு செய்தேன். சுற்றிலும் சவுக்குக் கம்பு நட்டு, சாக்குப்படுதா. சந்தை கலையும்போது கம்பையும் படுதாவையும் பிடுங்கிக்கொண்டு, மூடியைப் போட்டு, அதன்மேல் பெரிய கல்லை வைத்துவிட்டுப் போகலாம்.

முதல் செவ்வாயில் அவள் ஒரு காரியம் செய்தாள். பிறந்ததிலிருந்து கூவியே பிழைத்தவள், இதையும் கூவினாள்.

"வா வா வா, பொம்பளைங்களுக்கு மட்டும், மறைவா எடம் கீது, சுத்தமா கீது, காசு வாணாம், ஒண்ணுக்குப் போறவங்க வா வா."

சந்தை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பழைய இரும்புக்காரர்கள் விசிலடித்தார்கள். "அக்கா, எங்களுக்கு டோக்கன் இல்லியா?" என்று ஒருவன் கத்தினான். பெண்கள் முந்தானையை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டு கீரையைப் பார்த்தார்கள், சட்டியைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள். இருட்டும் வரை ஒருத்தி கூட வரவில்லை. பேபியே வரவில்லை.

"நீயுமாடி?" என்று கன்னியம்மா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ தமுக்கடிச்சிட்ட. இப்ப நான் உள்ள போனா ஊரே கணக்கு வெக்கும், இன்னா பண்றான்னு. மானத்த வுட்டுட்டு எப்பிடி போறது?"

"அடக்கி வெச்சிகினு சாவுறதுல மானம் கீதா?"

"கீதோ இல்லியோ, போவ முடியலக்கா."

கன்னியம்மா அந்த வாரம் முழுக்க எல்லோர் மேலும் எரிந்து விழுந்தாள். என்மேலும்தான். நான் ஒரு பாக்கெட் பிளீச்சிங் பவுடரைக் கையில் கொடுத்துப் போகச் சொன்னேன்.

அடுத்த செவ்வாயில் அவள் கூவவில்லை. படுதாவுக்கு முன்னால் கயிறு கட்டி, புடவைகளை நீள நீளமாகத் தொங்கவிட்டாள். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு பழைய புடவைக் கடை, அவ்வளவுதான். பழைய புடவை வாங்குகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாங்கும் முன் புடவையை முழுக்கப் பிரித்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, கிழிசல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நடுச்சந்தையில் நின்று விரிக்க முடியாது, கூட்டம் இடிக்கும். பின்பக்கம் கொண்டுபோய்த்தான் பார்ப்பார்கள். அதில் யாருக்கும் வெட்கம் இல்லை.

பேபி வந்து கயிற்றிலிருந்து ஒரு நைலக்ஸ் புடவையை உருவினாள். "இத்த கிழிசல் பாக்கணும்."

"உள்ள போய்ப் பாரு."

பேபி போனாள், வந்தாள். புடவையை மறுபடி கயிற்றில் போட்டாள். "கிழிசல் கீதுக்கா, வாணாம்" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு வரிசையாக வந்தார்கள். எல்லோருக்கும் கிழிசல் பார்க்க வேண்டியிருந்தது. அந்த நைலக்ஸ் புடவையை ஒரு நாளில் எத்தனை பேர் உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. கடைசிவரை அது விற்கவும் இல்லை. சந்தைக்குச் சாமான் வாங்க வந்த பெண்களுக்கும் விஷயம் காதோடு காதாகப் போனது. அடுத்த மாதங்களில் என்னிடம் நீர்க்கடுப்போடு வரும் சந்தைப் பெண்கள் குறைந்தார்கள். மாத்திரை தராத குணம். செவ்வாயிலும் தண்ணீர் குடித்தார்கள், அவ்வளவுதான் வைத்தியம்.

இப்போது ரத்தினத்தைச் சொல்ல வேண்டும். சந்தையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் அவர். வெள்ளைச் சட்டை, கையில் தோல்பை. சந்தையை ஒட்டியே மொட்டைமாடி வைத்த வீடு, சுற்றுச்சுவர், பின்பக்கம் கிணறும் கக்கூஸும். பெரிய கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தன் சந்தையில் தனக்குத் தெரியாமல் எதுவும் நடக்கக் கூடாது என்று நினைக்கிறவர். எண்பத்தேழு தொடக்கத்தில் சாராயக் கடைகளை மூடிவிட்டார்கள். மூடியதும் கள்ளச் சரக்கு அங்கங்கே ஓடியது. ரத்தினம் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். கன்னியம்மா கடைக்குள் ஆள் போகிறது, வருகிறது. எவளும் புடவை வாங்கக் காணோம். ஆனால் வெளியே வருகிறவள் முகத்தில் ஒரு நிம்மதி. அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். போலீஸ்காரர் ஒருவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னா கன்னியம்மா, வியாபாரம் ஜோரா கீது போல?"

"ஏதோ ஓடுதுண்ணா."

"உள்ள இன்னா விக்கிற?"

"உள்ள ஒண்ணும் விக்கல. ஆள் கீது, இரு."

"எந்த ஆளு? ஒதுங்கு." அவர் படுதாவில் கை வைத்தார்.

கன்னியம்மா குறுக்கே வந்து நின்றாள். "ஆள் கீதுன்றேன். கைய எடு."

படுதா விலகி, மண்சட்டி விற்கும் ஒரு பெரியம்மா புடவையை உதறிக்கொண்டு வெளியே வந்தாள். ரத்தினத்தை மேலும் கீழும் பார்த்தாள். "நீ எங்கப்பா வர்ற இங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ரத்தினம் தலையை உள்ளே விட்டார். கடப்பைக்கல், மூடி, சாம்பல் டின். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் வந்தார். நாற்றம் ஒன்றும் இல்லை, பிளீச்சிங் பவுடர் கொடுக்கப் போயிருந்த நான் அங்கேதான் நின்றேன். போலீஸ்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சாராயம்னு சொல்லிக் கூட்டியாந்தியே ரத்தினம். சரக்கு இதுதானா? எனக்கு வாணாம்பா, நீயே வெச்சுக்கோ."

சுற்றிலும் நின்றவர்கள் சிரித்தார்கள். அதை ரத்தினத்தால் தாங்க முடியவில்லை.

"என் சந்தைல கக்கூஸ் கட்டிகினு கீற. யாரக் கேட்டு கட்டுன? அடுத்த வாரத்துக்குள்ள உறையப் பேத்து எடுக்கணும். இல்லாட்டி உன் எடத்துக்கு ஆள் ரெடியா கீது."

"பேக்க மாட்டேன்."

"அப்ப உனக்கு எடம் கெடையாது."

"எங்கம்மா கல்லு அது. உன் குத்தகைக்கு முன்னாடி நட்டது."

"பாக்கலாம்."

அந்த வாரம் துரை அவளிடம் எவ்வளவோ சொன்னான். உறையைத் திரும்ப எடுத்துவிடுகிறேன், நீ பல்லாவரத்தில் மட்டும் கடை போடு, இந்தாளோடு என்ன பேஜார் என்றான். வெள்ளிச் சந்தையில் மட்டும் விற்று இரண்டு பெண்களை வைத்துக் காலந்தள்ள முடியாது என்று அவளுக்குத் தெரியும். குழியை மூடினால் அவள் இடம் அவளுக்கு இருக்கும். பிழைப்பு இருக்கும். மூடுவது ஒரு மணி நேர வேலை. என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"நீ இன்னா சொல்ற நர்சம்மா?"

"இடம் உன்னுது, கஷ்டமும் உன்னுது. நான் சொல்லி நீ மூடக் கூடாது, நான் சொல்லி மூடாமலும் இருக்கக் கூடாது."

"மூடுன பிறகு அவளுங்க மூஞ்சிய எப்பிடி பாக்கிறது? மூடல" என்றாள். எழுந்து போனாள்.

செவ்வாயன்று நானும் சந்தைக்குப் போயிருந்தேன். அவள் வந்தபோது அவள் இடத்தில் பிளாஸ்டிக் பக்கெட்டுகள் அடுக்கியிருந்தன. விற்கிறவன் ரத்தினத்தின் மச்சான். குழியில் செங்கல் இடிபாட்டைக் கொட்டி நிரப்பியிருந்தார்கள். அவள் அம்மாவின் கல்லைப் பிடுங்கிக் கால்வாய் ஓரம் போட்டிருந்தார்கள். அவள் போய் அந்தக் கல்லை எடுத்துத் துணி மூட்டைக்குள் வைத்துக்கொண்டாள். யாரோடும் சண்டை போடவில்லை. எல்லோரும் அவள் கத்துவாள் என்று காத்திருந்தார்கள்.

நேராக ரத்தினத்தின் வீட்டுக்குப் போனாள். கேட்டுக்கு வெளியே மூலையில் கல்லை வைத்தாள். மூட்டையை அவிழ்த்து, சுற்றுச்சுவர் நெடுக ஒவ்வொரு புடவையாகத் தொங்கவிட்டாள். முன்னால் அந்த நைலக்ஸ்.

ரத்தினத்தின் மனைவி காந்திமதி சத்தம் கேட்டு வெளியே வந்தாள். "இன்னாம்மா இது, என் வூட்டு சொவத்துல?"

"கட போட்டுகீறேன்க்கா. உன் வூட்டுக்காரரு என் எடத்த எடுத்துக்கினாரு. நான் இங்க வந்துட்டேன்."

"இது வூடும்மா, சந்த இல்ல."

"அங்க சந்த தானா? பக்கெட் கடதான்."

அப்போது அடிபம்பு அருகில் பெண்கள் கூடியிருந்தார்கள். ஏற்பாடு யாருடையது என்று இன்றுவரை ஒருத்தியும் சொல்லவில்லை. பேபி பம்பை அடித்தாள். அப்போது அவள் முழுகாமல் இருந்தாள், நான் அடிக்க வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. ஒவ்வொருத்தியாகக் குனிந்து, கையை ஏந்தி, வயிறு முட்டக் குடித்தார்கள். சொம்பு வைத்திருந்தவள் சொம்பில் குடித்தாள். வெற்றிலைக் கறையோடு அந்த மண்சட்டிப் பெரியம்மா விடாமல் குடித்துவிட்டு ஏப்பம் விட்டாள். இரும்புக்காரர்கள் விசிலடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடித்தவர்கள் போய்த் தத்தம் கடையில் உட்கார்ந்தார்கள்.

தண்ணீர் தன் வேலையைச் செய்தது. முதலில் பேபி எழுந்தாள். ரத்தினத்தின் சுவரிலிருந்து நைலக்ஸ் புடவையை உருவினாள். கேட்டருகே நின்ற காந்திமதியிடம் போனாள்.

"கிழிசல் பாக்கணும்க்கா."

"பாரேன். யார் வாணாண்றது?"

"உள்ள போய்ப் பாக்கணும்."

காந்திமதிக்குப் புரியவில்லை. பேபியின் வயிற்றைப் பார்த்தாள். இறுகப் பிடித்த முகத்தைப் பார்த்தாள். அவள் கையில் இருந்த புடவையைப் பார்த்தாள். பிறகு கேட்டைத் திறந்துவிட்டாள். "கெணத்துக்கு அந்தாண்ட கீது. போ."

பேபி வெளியே வரும்போது வாசலில் அடுத்தவள் நின்றாள், அவள் கையிலும் ஒரு புடவை. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. சுவர் நெடுக வரிசை நீண்டது.

"இன்னாடி இது, அத்தினி பேருமா?" என்றாள் காந்திமதி.

"இத்தினி நாளா கன்னிம்மா கடைல பாத்தோம். அத்த மூடிட்டாங்க. எங்க போறதுன்னு உன் வூட்டுக்காரரத்தான் கேக்கணும்" என்றாள் மண்சட்டிப் பெரியம்மா. "சீக்கிரம் கேளு, எனக்கு வயசாவுது."

காந்திமதி சிரித்துவிட்டாள். அவள் அம்மா ஒரு காலத்தில் பம்மல் பக்கம் தோல் பதனிடும் ஷெட்டில், ஒதுங்க ஒரு இடமில்லாமல், வேலை செய்தவள் என்று பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு அவள் அதையெல்லாம் சொல்லவில்லை. "தண்ணி நீங்களே எறைச்சு ஊத்திக்கணும். என் தொட்டியத் தொட்டீங்க, அவ்ளோதான்" என்று மட்டும் சொல்லி, கேட்டை ஒரு செங்கல் வைத்துத் திறந்தபடியே நிறுத்தினாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ரத்தினம் வீட்டுக்கு வந்தார். சுவர் முழுக்கப் பழைய புடவை, வாசல் முழுக்கப் பெண்கள்.

"இன்னா நடக்குது இங்க?"

"கிழிசல் பாத்துகினு கீறோம்ணா" என்றாள் கன்னியம்மா.

அவர் பெண்டாட்டியைத் தேடிக்கொண்டு பின்பக்கம் போனார். போனவருக்கே அவசரம் இருந்திருக்க வேண்டும். கக்கூஸ் கதவைத் தட்டினார். "ஆள் கீது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி தட்டினார். இப்போது வேறு குரல், அதே பதில்.

"காந்திமதி, அவளுங்கள வெளிய அனுப்பு."

கிணற்றடியில் நின்ற காந்திமதி வாளியைக் கீழே வைத்தாள். "நான் எதுக்கு அனுப்பணும்? நீ மூடுன, நீ தொற. அதுவரைக்கும் செவ்வாக்கெழம நம்ம வூட்ல இப்பிடித்தான். நீ ஆம்பளதான, ஏரிக்கரைக்குப் போயேன்."

வரிசையில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவர் கோபித்துக்கொண்டு தப்பித்திருப்பார். அவர் ஏரிக்கரைக்குத்தான் போனார். திரும்பி வந்து கன்னியம்மா முன்னால் நின்றார்.

"சரி. சொவத்துலேந்து எடு. உன் எடத்துக்குப் போ."

"பக்கெட்டு?"

"எடுக்கச் சொல்றேன்."

"குழில கல்லக் கொட்டினது யாரு? அவங்களே வாரணும். என் தம்பி வாரமாட்டான்."

"வாருவானுங்க."

"கல்லு?"

"எந்தக் கல்லு?"

அவள் மூலையில் இருந்த கல்லைக் காட்டினாள். அதை அவள் தூக்கவில்லை. அவர் கல்லைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு மச்சானைக் கூப்பிட்டார். பக்கெட்காரன் அந்தக் கல்லைத் தோளில் சுமந்துகொண்டு சந்தையின் கடைசிக் கோடி வரை நடந்தான். அவன் பின்னால் கன்னியம்மா நடந்தாள், தோளில் புடவைகளோடு, எப்போதும் காலனித் தெருவில் நடக்கிற அதே நடையில்.

அதன் பிறகு அந்த மறைப்பு வருஷக்கணக்காக நின்றது. குழி நிரம்பியதும் துரை பக்கத்தில் இன்னொன்று இறக்கினான். பேபிக்கு நிறைமாதத்தில் பெண் பிறந்தது, நான்தான் கையில் வாங்கினேன்.

தொண்ணூறுகளின் நடுவில், திட்டத்தில் இருந்தது கடைசியில் வந்தது. கன்னியம்மாவின் இடத்துக்குப் பக்கத்திலேயே செங்கல் கட்டடம், ஓடு பதித்த தரை, குழாய், பெண்கள் என்று எழுதிய கதவு. கதவில் பெரிய பூட்டு. திறந்து வைக்க மந்திரி ஒருவர் வர வேண்டும், அவருக்குத் தேதி கிடைக்கவில்லை என்றார்கள். புதுக் கட்டடம் வருகிறது என்று பழைய குழியையும் மூட வைத்துவிட்டார்கள். தேதி கிடைக்காமலே சித்திரை வந்தது, வெயில் ஏறியது. பெண்கள் மறுபடி வெற்றிலையை மென்றார்கள். நீர்க்கடுப்போடு ஒருத்தி என்னிடம் வந்தாள். கன்னியம்மாவிடம் சொன்னேன்.

அடுத்த செவ்வாய் நான் போய்ப் பார்த்தபோது கதவு சுவரில் சாய்த்து வைத்திருந்தது. துரை கீல்களையும், நிலைச்சட்டத்தில் நாதாங்கி மாட்டும் கொண்டியையும் கழற்றியிருந்தான். கதவு இருந்த இடத்தில் ஒரு புடவை தொங்கியது. உள்ளே குழாயில் தண்ணீர் வந்தது. கன்னியம்மா வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள், அப்போது தலை நரைத்துவிட்டது.

தகவல் போய், அலுவலகத்திலிருந்து ஒருவர் ஸ்கூட்டரில் வந்தார். புது ஆள், சின்ன வயது. "யாரும்மா பூட்டை உடைச்சது?" என்று கேட்டார்.

கன்னியம்மா எழுந்துபோய், சாய்த்து வைத்திருந்த கதவைத் திருப்பிக் காட்டினாள். நாதாங்கியோடும் கொண்டியோடும் பூட்டு அப்படியே தொங்கியது, சீல் வைத்த துணி கூட அவிழவில்லை.

"யாரும் ஒடைக்கல சார். மந்திரி வந்ததும் தொறந்துக்கட்டும். அதுவரைக்கும் பத்திரமா நான் வெச்சுகினு கீறேன்."

அவர் குனிந்து பூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் கையில் மடித்த புடவையோடு வந்து கன்னியம்மாவைப் பார்த்தாள். புதிதாகச் சந்தைக்கு வருகிறவள் போலிருந்தது, அந்த ஆள் நிற்பதைப் பார்த்துத் தயங்கினாள்.

"அவரு கெடக்கட்டும். உள்ள போ" என்றாள் கன்னியம்மா. "பொடவைய இங்க வெச்சுட்டுப் போ. இப்ப அது வாணாம்."